மூன்றாவது முறை கேட்டபோது

தெஹ்ரான்
மெஹ்ர் மாதம் 14

அன்புள்ள ஹூஷங் அண்ணா,

உங்கள்மேல் விழும் கண்ணேறு என்மேல் விழட்டும். நலமா? ஷம்ஸி அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா? கெர்மானில் தூசிக்காற்று ஓய்ந்ததா? நான் நலம். சளி மட்டும் என்னை விடுவதாக இல்லை.

நேற்றுத் தொலைபேசியில் நீங்கள் பேசியதில் பாதிதான் என் காதில் விழுந்தது. நடுக்குவாதம் கையைப் பிடித்தது போதாதென்று குரலையும் பிடித்துக்கொண்டது. கைபேசியில் தட்டினால் ஓர் எழுத்துக்கு மூன்று எழுத்து விழுகிறது என்கிறீர்கள். பேனா மட்டும் இன்னும் உங்கள் பேச்சைக் கேட்கிறதாம். அப்படியானால் இனிமேல் நமக்குத் தபால்தான்.

செய்தி இதுதான்: எங்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எலிகளோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்களே, அந்தத் தங்கையின் வேலை மனிதர்கள் வரை வந்துவிட்டது. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் செத்துப்போவதால்தான் உங்கள் கை ஆடுகிறது, கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. இன்னும் எதுவாகவும் ஆகாத ஸ்டெம் செல்களைப் பழக்கி, டோபமைன் சுரக்கும் செல்களாக வளர்த்து, மூளையில் செத்துப்போன இடத்தில் வைக்கப்போகிறோம். இந்த நோயை உண்டாக்கியதால் ஒரே பக்கமாக வட்டமடித்துக்கொண்டிருந்த எலி ஒருநாள் நேராக நடந்தபோது நான் ஆய்வகத்தில் உட்கார்ந்து அழுதேன். குரங்குகளிலும் பலித்தது. இனி மனிதர்கள், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும்.

உங்கள் வயதும் நோயின் நிலையும் பொருந்துகின்றன. ஆனால் தேர்ந்தெடுப்பது நானல்ல. உங்கள் பெயர் வந்ததுமே என்னை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். செல் வளர்ப்பதோடு என் வேலை சரி. மற்றதெல்லாம் அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டர் நிக்பக்தின் பொறுப்பு. உறவினர் யாரும் நோயாளியைத் தூண்டக் கூடாது என்பது விதி. அதனால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: விருப்பமிருந்தால் தெஹ்ரான் வந்து அவரைப் பாருங்கள்.

அண்ணிக்கு என் முத்தங்கள்.

உங்கள்
ஃபரங்கீஸ்

*

கெர்மான்
மெஹ்ர் 26

என் கண்ணின் ஒளி ஃபரங்கீஸ்,

உன் பாதத் தூசிக்கும் நான் சமமில்லை. நலமா? சளிக்குச் சீமைமாதுளை விதையை வெந்நீரில் ஊறவைத்துக் குடி. மருத்துவருக்கே வைத்தியம் சொல்கிறான் பார் என்று சிரிக்காதே.

உன் கடிதத்தை ஷம்ஸி உரக்கப் படித்தாள். நான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பிறகு முற்றத்துக்குப் போய் மாதுளை மரத்தடியில் நின்றுகொண்டேன். சந்தோஷத்தை அடக்கத் தெரியாத வயதா எனக்கு? ஆனாலும் அடங்கவில்லை.

என் நிலைமை இதுதான். மாத்திரை வேலை செய்யும்போது நான் ராஜா. வேலை செய்யாதபோது வாசற்படிக்கு முன்னால் கால் இரண்டும் ஆணியடித்தாற்போல் நின்றுவிடுகின்றன. திறந்த வெளியில் நடக்கிறேன், கதவைக் கண்டால்தான் இந்தக் கூத்து. தரையில் கோடு போட்டால் அதைத் தாண்டக் கால் எழும்பும் என்று யாரோ சொன்னார்கள். ஷம்ஸி கூடம் முழுக்க வெள்ளை நாடா ஒட்டிவிட்டாள். முப்பது வருஷம் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வெள்ளிக்கிழமைகளில் கால்பந்து நடுவராக ஓடியவன், இப்போது வீட்டுக்குள்ளேயே மைதானம் போட்டு நடக்கிறேன். போன மாதம் பிள்ளைகளின் பந்தயத்துக்கு மரியாதைக்காக என்னைக் கூப்பிட்டார்கள். மஞ்சள் அட்டையை எடுத்தேன். அது ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, தவறு செய்த பையன், "சார், கோபப்படாதீங்க, நானே வெளிய போயிடுறேன்" என்றான்.

நீ நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்து எத்தனை காலமாகிறது? உன் செல்களுக்குத் தினம் தீனி போட வேண்டுமாம், பண்டிகை கிடையாதாம். அப்படி வளர்த்த பிள்ளைகளைப் பார்க்க மாமன் வர வேண்டாமா? வருகிறோம். ஷம்ஸி கொலும்பே சுட ஆரம்பித்துவிட்டாள். உன் ஆய்வகம் முழுவதற்கும் பேரீச்சம்பழப் பலகாரம் வரும்.

உனக்காக உயிரையும் தருபவன்,
ஹூஷங்

*

கெர்மான்
ஆபான் 19

ஃபரங்கீஸ் ஜான்,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். உன் வீட்டில் எங்களால் உனக்கு எவ்வளவு தொல்லை. உன் கை வலிக்காமல் இருக்கட்டும். ஷம்ஸிக்கு முழங்கால் பரவாயில்லை, எனக்கும் குறையொன்றுமில்லை.

உன் டாக்டர் நிக்பக்த் நல்ல மனிதர். மண்டையில் எங்கே துளை போடுவார்கள், என்னென்ன கெடக்கூடும் என்று படம் வரைந்து காட்டினார். ஒளிவுமறைவு இல்லை. இருபது வருஷம் ஜெர்மனியில் இருந்தவராமே. அது தெரிகிறது. கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதுல சேர விருப்பமா?" என்றார்.

நான், "என்னைவிடச் சின்னவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க டாக்டர். அவங்களுக்குக் குடுங்க. நான் வாழ்ந்து முடிச்சவன்" என்றேன்.

அவர் தலையசைத்தார். "புரியுது. உங்க முடிவை மதிக்கிறேன்" என்று எழுதிக்கொண்டு, எழுந்து கைகுலுக்கினார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவ்வளவுதான், ஐந்து நிமிஷத்தில் நான் தெருவில் நின்றேன்.

உனக்கும் சொல்லியிருப்பார். நீ வேலை மும்முரத்தில் இருப்பாய். நேரம் கிடைக்கும்போது எழுது.

ஹூஷங்

*

தெஹ்ரான்
ஆஸர் 8

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? இங்கே புகைமூட்டம் தாங்கவில்லை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். அண்ணி சுட்டுக் கொண்டுவந்த கொலும்பே ஒரே நாளில் காலி. எங்கள் காவலாளி இன்னும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்.

நிக்பக்த் சொன்னார். உங்கள் முடிவு உங்களுடையது. நான் அதில் ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை. பேசவும் கூடாது. இது முதல் முயற்சி, பலன் தெரியவே ஒன்றிரண்டு வருஷம் ஆகும், உத்தரவாதமும் கிடையாது. யோசித்துத்தான் சொல்லியிருப்பீர்கள். உங்கள் இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள்.

செல்கள் நன்றாக வளர்கின்றன. போன வாரம் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக ஓடினோம். நல்லவேளை, ஒன்றும் கெடவில்லை.

மாத்திரைகளை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்ட உடனே போடாதீர்கள், வேலை செய்யாது.

உங்கள்
ஃபரங்கீஸ்

*

கெர்மான்
தே 3

மதிப்பிற்குரிய டாக்டர் ஃபரங்கீஸ் அவர்களுக்கு,

தங்கள் நலமறிய ஆவல். தங்கள் பொன்னான நேரத்தில் இந்த ஏழைக்கும் நாலு வரி எழுதிய பெருந்தன்மைக்கு நன்றி. ஆண்டின் மிக நீண்ட இரவான யல்தா நன்றாகக் கழிந்தது. தர்ப்பூசணி வெட்டினோம், மாதுளை உதிர்த்தோம். தாங்கள் இல்லாத குறை தவிர வேறு குறை இல்லை.

மாத்திரை பற்றிய தங்கள் அறிவுரையைத் தலைமேல் வைத்துக்கொண்டேன்.

தங்கள் சமூகத்துக்கு மேலும் தொந்தரவு தர விரும்பாத,
ஹூஷங்

*

தெஹ்ரான்
பஹ்மன் 2

அண்ணா,

நலமா? உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். "மதிப்பிற்குரிய டாக்டர்" என்று யாருக்கு எழுதினீர்கள்? நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சைக்கிளிலிருந்து என்னைத் தள்ளிவிட்டு, அழுதால் மிட்டாய் கிடையாது என்று மிரட்டிய அண்ணன் எங்கே?

எனக்குக் கோபம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கை முழுவதையும் இந்த ஒன்றில் போட்டேன். முதன்முதலாக அது மனிதர்களிடம் வரும்போது, என் சொந்த அண்ணன் ஐந்து நிமிஷத்தில் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். என் வேலையில் உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் அதைச் சொல்லியிருக்கலாம். நான் தாங்கிக்கொள்வேன்.

அண்ணியின் முழங்காலுக்கு இங்கே நல்ல களிம்பு ஒன்று கிடைத்தது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ஃபரங்கீஸ்

*

கெர்மான்
இஸ்ஃபந்த் 5

ஃபரங்கீஸ் ஜான்,

நலமா கண்ணே? களிம்பு வந்தது, உன் கைக்குப் புண்ணியம். உன் அண்ணா உனக்குப் பதில் எழுதமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். அதனால் நான் எழுதுகிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நீ படித்தவள்தான், ஆனால் இந்த விஷயத்தில் நீயும் உன் டாக்டரும் சரியான மரமண்டைகள்.

போன செவ்வாய்க்கிழமை குளியலறை வாசலில் கால் நின்றுபோய், உடம்பு மட்டும் முன்னால் போய் விழுந்துவிட்டார். நெற்றியில் தையல். உனக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தை நான் இப்போது உடைக்கிறேன், கடவுள் என்னை மன்னிப்பார்.

தையல் போட்டுக் கூட்டிவந்த பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவரிடம் கேட்டேன்: "உங்களுக்கு அந்த வைத்தியம் வேணாம்னா, வேணாம்னு நிம்மதியா இருங்க. எதுக்கு மூணு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருக்கீங்க?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஷம்ஸி, ஒரு வாய் டீயவே ரெண்டு தடவ வேணாம்னு சொல்லித்தான் வாங்குவோம். பக்கத்துல ஆள் நிக்கும்போது கதவுக்குள்ள மொதல்ல நுழையமாட்டோம். இது அடுத்தவன் இடம். கேட்ட ஒடனே குடு குடுன்னு கைய நீட்டவா? இன்னொரு தடவ கேப்பாருன்னு பாத்தேன். அவர் பேனாவ மூடிட்டார். சரி, அவர் ஜெர்மனிக்காரர். என் தங்கச்சிக்குமா தெரியாது? அவ ஒரே ஒரு தடவ, 'என்னண்ணா இது, அதுல சேந்துக்குங்க'ன்னு சொல்லியிருந்தா போதும். சொல்லலியே. அப்ப அவளுக்கே நான் வேணாம்போல."

கேட்டாயா? அவர் அன்றைக்கு வாயால்தான் வேண்டாம் என்றார். ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு மாதம், தொலைபேசி அடிக்கும்போதெல்லாம், நடக்க முடியாதவர், என்னை முந்திக்கொண்டு போய் எடுக்கப் பார்த்தார். நம் வீடுகளில் மூன்று தடவை கேட்காமல் எவன் சாப்பிடுவான்? நீ எந்த ஊரில் பிறந்தவள்?

திட்டிவிட்டேன். இப்போது மனம் லேசாயிற்று. கம்பளம் துவைக்க வேண்டும், நவ்ரூஸ் வருகிறதே.

உன்
ஷம்ஸி அண்ணி

*

தெஹ்ரான்
இஸ்ஃபந்த் 17

அண்ணா,

தையல் பிரித்தாயிற்றா? அண்ணியைத் திட்டாதீர்கள். அவர் எழுதியிராவிட்டால் நாம் இரண்டு பேரும் சாகும்வரை ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டே இருந்திருப்போம்.

உண்மை முழுவதையும் எழுதுகிறேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள் என்று நிக்பக்த் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். கோபமெல்லாம் பிறகு வந்தது. பழக்கப்படாத ஒரு செல் உள்ளே போய்விட்டால் அது கட்டியாக வளரலாம். ஊசி போகும் பாதையில் ரத்தம் கசியலாம். மற்ற நோயாளிகள் என்றால் இதையெல்லாம் குழுவிடம் நிதானமாக எடுத்துச் சொல்கிறேன், அளந்து பார்த்துத்தான் முயற்சி நல்லது என்கிறேன். உங்கள் தலை என்றதும் என் அளவுகோல் ஆடிவிட்டது. விதி என்னைப் பேசவிடவில்லை என்று எழுதினேன். விதி இல்லாவிட்டாலும் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். நீங்கள் வேண்டாதவர் என்பதால் அல்ல அண்ணா. உங்களை இழக்க எனக்குத் தைரியமில்லை.

அண்ணியின் கடிதத்தை நிக்பக்திடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவர் கடிதத்தை வாங்கித் தானும் ஒரு முறை படித்தார். பிறகு, "வேணாம்னவர் வேணாம்னு சொல்லலேன்னா, சரின்னவங்க எல்லாம் சரின்னுதான் சொன்னாங்களா?" என்று கேட்டார். அண்ணா, இவ்வளவு வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

குழுவைக் கூட்டினார்கள். நான் வெளியேதான் இருந்தேன். முடிவு இது: இனி எல்லோரையும் மூன்று முறை கேட்பார்கள், வற்புறுத்துவதற்காக அல்ல. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் சில நாள் இடைவெளி. கேட்பது நோயாளியின் வீட்டில், அவர் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும்போது. மூன்றாவது பதிலை அவரே எழுதித் தர வேண்டும், உபசார வார்த்தை ஒன்றும் கலக்காமல்.

ஏற்கெனவே சரி என்றவர்களிடமும் போய்க் கேட்டார்கள். ஒருவர் மூன்றாம் முறை அழுதுவிட்டாராம். அவ்வளவு பெரிய டாக்டர் தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தபோது முகத்தில் அடித்தாற்போல் எப்படி மாட்டேன் என்பது என்றுதான் அன்றைக்குத் தலையாட்டினாராம். இப்போது விலகிக்கொண்டார். விலகியதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷமாம். பெயர் எனக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

ஓர் இடம் காலியாக இருக்கிறது. நிக்பக்த் கெர்மான் வருவார். நான் இப்போதும் போங்கள் என்று சொல்லமாட்டேன், போகாதீர்கள் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் எனக்கு வேண்டும் என்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

ஃபரங்கீஸ்

*

கெர்மான்
ஃபர்வர்தின் 20

என் ஃபரங்கீஸ்,

புது வருஷம் உனக்கு இனிக்கட்டும். நீயும் உன் ஊமைப் பிள்ளைகளும் நலமா? தையல் பிரித்தாயிற்று. நெற்றித் தழும்பு என்னை ரவுடி மாதிரி காட்டுகிறது என்று ஷம்ஸி சொல்கிறாள். அவளுக்கு அதில் ரகசியப் பெருமை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல் ஒரு நாள் கோபமாக இருக்கலாம் என்று பார்த்தேன். மத்தியானம்வரைதான் முடிந்தது. அளவுகோல் ஆடிவிட்டது என்று எழுதியிருந்தாயே. என் கையைவிட அதிகமாகவா ஆடியது?

நிக்பக்த் இரண்டு தடவை வந்து போனார். முதல் தடவை வந்தபோது ஷம்ஸி தட்டில் சோற்றைப் போட்டாள். வேண்டாம் என்றார். சரி என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்! மனிதர் வாடிப்போனார். "இப்ப தெரியுதா டாக்டர், அன்னிக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும்னு?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் ஷம்ஸி தட்டைத் திரும்பக் கொண்டுவர, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். உன் டாக்டர் தேறிவிடுவார்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டார். எல்லாம் தெரிந்தும் என் பாழும் வாய் என்ன சொன்னது தெரியுமா? "சின்னவங்க யாராவது இருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டது. ஷம்ஸி சமையலறையில் பாத்திரத்தைப் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். அவர் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று போய்விட்டார்.

இரண்டாம் தடவை, "நீங்க எது நல்லதுன்னு நினைக்கிறீங்களோ அதுக்கு நான் கட்டுப்படுறேன்" என்றேன். "அது பதில் இல்ல ஹூஷங் சார். உங்க தலை, என் தலை இல்ல" என்றார். படத்தை மறுபடி விரித்து, ரத்தக் கசிவு, கட்டி, வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரை, ஒன்றுமே நடக்காமல் போகலாம் என்பது, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். அவசரப்படுத்தவில்லை. போகும்போது வெள்ளைத் தாளும் உறையும் வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் தாள் நாலு நாளாக மேஜையில் கிடக்கிறது. எழுத உட்கார்ந்தால், "தங்கள் மேலான கருணையால்" என்று கை தானாகப் போகிறது. கிழித்தேன். "தகுதியற்ற அடியேன்" என்று வந்தது. அதையும் கிழித்தேன். எனக்கு இது வேண்டும் என்று நேராகக் கேட்ட ஞாபகமே எனக்கு இல்லை ஃபரங்கீஸ். பெண் பார்க்கப் போனபோதுகூட, எங்கள் மகன் உங்கள் வீட்டுக்கு ஏற்றவனில்லை என்றுதான் அம்மா பேச்சை ஆரம்பித்தாள். கேட்டுவிட்டு, கிடைக்காமல் போனால் மனிதன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பயம் இல்லை. அதற்குத்தான் இந்த மரியாதையெல்லாம் கண்டுபிடித்தார்களோ என்னவோ.

ஷம்ஸி முற்றத்தில் கம்பளத்தை அடித்துக்கொண்டிருக்கிறாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தாள் எடுத்துக்கொள்கிறேன்.

உனக்காக உயிரையும் தருபவன்,
ஹூஷங்

*

கெர்மான்
ஃபர்வர்தின் 21

ஃபரங்கீஸ்,

எனக்கு வேண்டும்.

இடம் ஒன்றுதான் என்று தெரியும். வேறு யாராவது காத்திருப்பார்கள் என்றும் தெரியும். பயமாகவும் இருக்கிறது. இருந்தாலும் எனக்கு வேண்டும்.

டாக்டருக்கும் இதையே எழுதி அனுப்பிவிட்டேன்.

ஹூஷங்